நெஞ்சுக்கு நேரே ஒரு பட்டன்

மேடையில் ஏறிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மைக் செட் போடுவது என் தொழில். ஆயுசு முழுக்க மேடைக்குப் பக்கவாட்டில், ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தவன். முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பேச்சாளரின் முகம்தான் தெரியும். எனக்கு அவருடைய கால் தெரியும். வாய் வீரம் பேசிக்கொண்டிருக்கும், கால் நடுங்கிக்கொண்டிருக்கும். பொறுமையைப் பற்றி உருகி உருகிப் பேசிய ஒருத்தர், கீழே இறங்கியதும் டீ ஆறிப்போயிருக்கிறது என்று என்னை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறார். நம்பு என்றால் எப்படி நம்புவது?

மைக்கில் நான் பேசியதெல்லாம் 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' மட்டும்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டு உறவு முடிந்துபோனது. பேசுகிறவன் பேசட்டும், நமக்குச் சத்தம் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

என்னோடு பெட்டி தூக்குகிறவன் என் மச்சான். என் பெண்டாட்டியின் தம்பி. அக்கா போன பிறகும் அத்தானை விட்டுப் போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கேட்டால் இன்னும் மனசு தயாராகவில்லை என்பான், தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்கு நேர் எதிர் அவன். தன்னம்பிக்கைப் பேச்சு என்றால் உயிர். காலையில் கண் விழித்ததும் போனில் ஒன்றைப் போட்டுக் கேட்பான், பிறகு எனக்கும் அனுப்புவான். 'இன்று உன் நாள்' என்று வரும். நேற்றும் என் நாள்தான், முந்தாநாளும் என் நாள்தான். அவன் படுத்திருப்பது பக்கத்து அறையில். கத்தினால் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு போனில் அனுப்புகிறான்.

வீட்டில் மூன்றாவது ஆள் என் மகள். பெயர் இருக்கிறது, ஆனால் வீட்டில் பாப்பாதான். முப்பது தாண்டியும் பாப்பாதான். துணி துவைக்கிற மெஷின், ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாம் விற்கிற கம்பெனி ஒன்றில் போன் எடுக்கிற வேலை. பொருள் வாங்க வேண்டும் என்று யாரும் அந்த நம்பருக்குப் போன் செய்வதில்லை. ஓடாவிட்டால் செய்வார்கள். இவள் 'சொல்லுங்க சார்' என்பாள். அவர்கள் சொல்லுவார்கள். பாதி பேர் மெஷினைப் பற்றிச் சொல்லுவார்கள், மீதிப் பேர் இவளைப் பற்றிச் சொல்லுவார்கள். கெடுத்தது இவளா என்ன? ஆனால் கையில் கிடைத்தது இவள்தானே.

வேலையில் சேர்ந்த புதிதில் எல்லாவற்றையும் வந்து நடித்துக் காட்டுவாள். தலையில் மாட்டுகிற ஹெட்செட்டிலிருந்து ஒரு ஒயர் கீழே தொங்குமாம். நெஞ்சுக்கு நேரே அதில் ஒரு சின்ன பட்டன். மியூட் என்று பெயர். அதைக் கட்டைவிரலால் அமுக்கினால் எதிரில் இருக்கிறவனுக்கு இவள் பேசுவது கேட்காது. அவன் திட்டத் திட்ட இவள் பட்டனை அமுக்கிக்கொண்டு, 'உங்க மெஷின் கெட்டது பத்தாதா, உங்க வாயும் கெட்டுப் போச்சா' என்பாளாம். விரலை எடுத்துவிட்டு, தேன் ஒழுக, 'உங்கள் பொறுமைக்கு நன்றி சார்' என்பாளாம். அவளுக்குப் பக்கத்து சீட்டில் ஒரு தோழி. ஓயாமல் பேசுவாள் என்பதால் ஆபீஸ் முழுக்க அவளுக்கு ரேடியோ என்று பெயர். ரேடியோ பட்டனை அமுக்கிக்கொண்டு திட்டுகிற திட்டை என் மகள் அப்படியே திருப்பிச் சொல்லுவாள். நானும் மச்சானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு நாளில் நின்றது இல்லை அது. கதை சொல்லுவது குறைந்தது. சாப்பாடு குறைந்தது. வந்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்பாள். தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் அதற்காகத்தான் சத்தம் போட்டேன். டேங்க் காலியாகிறது, தண்ணீர் என்ன வானத்திலிருந்தா கொட்டுகிறது என்று. வானத்திலிருந்துதான் கொட்டுகிறது, அது வேறு விஷயம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வலது கையின் கட்டைவிரலை நெஞ்சில் வைத்தாள். உதடு அசைந்தது. நன்றாகவே அசைந்தது. நாலைந்து வாக்கியம் இருக்கும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு விரலை எடுத்துவிட்டு, "சரிப்பா" என்றாள். அது கேட்டது.

காது போய்விட்டது என்று நினைத்தேன். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே காலத்தை ஓட்டியவனுக்குக் காது எத்தனை நாள் தாங்கும்? எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் மந்தம்தான். மறுநாளும் அப்படி நடந்தது. அதற்கடுத்த நாளும் நடந்தது. மற்றவர்கள் பேசுவது கேட்கிறது, தெருவில் கத்துவது கேட்கிறது, என் மகள் பேசுவது மட்டும் பாதி பாதியாக விழுகிறது. காது டாக்டரிடம் போனேன். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். உங்கள் வயசுக்கு இது நல்ல காது என்றார். என் மகள் பேசுவது கேட்கவில்லையே என்றேன். நிறைய அப்பாக்கள் இதைச் சொல்லுகிறார்கள் என்று சிரித்தார். அந்த டாக்டரையும் நான் நம்பவில்லை.

மச்சானிடம்தான் கடைசியில் கேட்டேன், பாப்பா என்ன சொன்னாள், உனக்குக் கேட்டதா என்று. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"அத்தான், உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல. அவ சத்தமே இல்லாமத்தான் பேசறா. எங்கிட்டயும் அப்படித்தான். விரலைப் பாத்தீங்கல்ல?"

பார்த்தேன்தான். பார்த்தும் புரியவில்லை. அன்றைக்குப் புரிந்தது. என் மகளுக்கு நானும் ஒரு போன் கால். மெஷின் ஓடவில்லை என்று கத்துகிற யாரோ ஒருத்தன். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, செய்வது அவளுக்கே தெரியவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வேண்டுமென்று செய்தால் சண்டை போடலாம்.

அதற்குப் பிறகு நான் அவளிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டால்தானே விரல் போகும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வேலை வந்தது. மச்சான் போனில் பேசிவிட்டு வந்து, ஒரு ஆபீஸில் தன்னம்பிக்கைக் கூட்டம், ஆட்களுக்கு வேலை பாரம் அதிகமாகிப் போய் நிறைய பேர் லீவு போடுகிறார்களாம், ஒரு பெண் சீட்டிலேயே மயங்கி விழுந்துவிட்டாளாம், அதனால் பேச்சாளரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றான். பேச்சாளர் பெயரைச் சொல்லும்போது அவன் குரலே மாறிப்போனது. அவனுடைய காலைநேரத்துப் பேச்சாளர்களில் அவரும் ஒருத்தராம். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். விலாசத்தைச் சொன்னான். என் மகளின் ஆபீஸ்.

அவள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் எங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அன்று சாயங்காலம் அவளிடம், உன் ஆபீஸுக்கு மைக் போட நான் வரலாமா, உனக்குச் சங்கடமாக இருந்தால் வேறு ஆளை அனுப்புகிறேன் என்றேன். விரல் போனது. உதடு அசைந்தது. விரல் வந்தது.

"வாப்பா" என்றாள்.

அவள் உட்காருகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே போனேன். பேச்சைக் கேட்க இல்லை.

பெரிய கூடம். ஜன்னல் எல்லாம் சாத்தி, திரை போட்டு, பகலிலேயே குழல் விளக்கு. மார்பு உயரத் தடுப்பு வைத்துப் பிரித்த சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஆணியில் தொங்குகிற ஹெட்செட். சுவரில் ஒரு பலகை, எத்தனை பேர் லைனில் காத்திருக்கிறார்கள் என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. ஒருத்தரிடம் பேசி முடித்துவிட்டு நிமிர்ந்தால் கண்ணில் படுவது அதுதான். என் மகளின் பெட்டியை நானே கண்டுபிடித்தேன். தடுப்பில் அவள் அம்மாவின் சின்னப் படத்தை ஒட்டியிருந்தாள். வீட்டில் இருக்கிற படத்தின் பிரதிதான். அந்த ஹெட்செட்டை எடுத்துப் பார்த்தேன். ஒயரில் பட்டன் இருந்தது. அமுக்கி அமுக்கி அதன் மேல் இருந்த எழுத்து அழிந்து போயிருந்தது.

கூடத்தின் கோடியில் இடம் ஒதுக்கி, ஒரு அடி உயரத்துக்கு மேடை போட்டிருந்தார்கள். ஆட்களுக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியை நிறுத்தி, ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் மச்சானை உட்காரவைத்துவிட்டு, நான் மேடைக்குக் கீழே நின்றேன். பேச்சாளர் சீக்கிரமே வந்துவிட்டார். சின்ன உருவம், பெரிய கோட்டு. யாரிடமோ இரவல் வாங்கியது மாதிரி தோளில் தொங்கியது. மச்சான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் காலர் மைக்கை மாட்டிவிட்டேன். மாட்டும்போதே எப்போதும் சொல்லுகிறதைச் சொன்னேன்.

"இது கழுத்துலயே இருக்கும் தம்பி. ஆன்ல இருக்கறதே மறந்துபோயிடும். பாத்ரூம் போனா அணைச்சிட்டுப் போங்க. போன மாசம் ஒருத்தர் மறந்துட்டாரு, கூட்டமே கை தட்டுச்சு."

கோட்டுக்காரர் சிரித்தார். பிறகு, இவர்களைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா ஐயா, என்ன சொன்னால் இவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று கேட்டார். இதுவரைக்கும் எந்தப் பேச்சாளரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டதாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. எனக்கு ஒயர் விஷயம்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவருடைய கால் நடுங்கவில்லை, அதையும் கவனித்தேன்.

ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். போன் லைன்களை ஒரு மணி நேரத்துக்கு வேறு ஊருக்குத் திருப்பிவிட்டிருப்பதாக மேனேஜர் அம்மா சொன்னார். தாட்டியான பொம்பளை. அவரும் ஒரு காலத்தில் இதே பெட்டிகளில் போன் எடுத்தவர்தான் என்று என் மகள் முன்பு சொல்லியிருக்கிறாள். மகள் மூன்றாவது வரிசையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஒயரைப் பார்த்தேன்.

கோட்டுக்காரர் பேச ஆரம்பித்தார். காலையில் எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்துச் சிரியுங்கள் என்றார். பாரத்தை மனசில் ஏற்றாதீர்கள், மூச்சில் இறக்குங்கள் என்றார். குரல் நல்ல குரல், குறை சொல்ல முடியாது. எல்லோரும் தலையை ஒரே மாதிரி ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்டார்கள். சரியான இடத்தில் 'ம்' போட்டார்கள். கை தட்ட வேண்டிய இடத்தில் தட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. போனில் யாராவது பேசினால் கேட்பார்களே, அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். 'உங்கள் பொறுமைக்கு நன்றி சார்' ஒன்றுதான் பாக்கி.

அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பேச்சு நடுவில் நின்றது. எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். உங்கள் மனசை எது அழுத்துகிறதோ அதை எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டுக் கத்துங்கள், எல்லோரும் கத்துவதால் யார் சொன்னதும் யாருக்கும் கேட்காது, பயப்பட வேண்டாம் என்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்.

கத்தட்டும் என்று நான் காதைப் பொத்தப் போனேன். சத்தம் வரவில்லை.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கட்டைவிரலை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றார்கள். வாய் அசைந்துகொண்டிருந்தது. சிலருக்குக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவ்வளவு வேகமாகக் கத்துகிறார்கள், ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. மேனேஜர் அம்மாவும் அப்படித்தான் நின்றார். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கோட்டுக்காரர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பின்னால் பெட்டியில் டொக் டொக் என்று கேட்டது. மைக்கில் கோளாறு இல்லை. சுண்டுவிரலைக் காதில் விட்டு ஆட்டினார். பிறகு மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஐயா, என்னாச்சு? எனக்குத்தான் கேக்கலயா?"

டாக்டரிடம் நான் கேட்டதும் இதைத்தான். வேறு எதைக் கேட்டிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இந்த ஆள் காதில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டு என் முன்னால் நிற்கிறார். எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

"உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி" என்றேன். "நானும் அப்படித்தான் நெனச்சேன். அவங்க பட்டனை அமுக்கிட்டு நிக்கறாங்க. எதிர்ல இருக்கறவனுக்குக் கேக்கக் கூடாதுன்னா அமுக்கற பட்டன். இப்ப ஒயரும் இல்ல, பட்டனும் இல்ல, கைக்கு அது தெரியல. என் பொண்ணு வீட்டுல எங்கிட்டயும் அமுக்கறா. அதோ மூணாவது வரிசையில, பச்சைச் சட்டை, அவதான். அந்தப் பட்டனுக்குள்ள என்ன சொல்றான்னு தெரிஞ்சா போதும் எனக்கு. கேக்க பயமா இருக்கு. கேட்டா அமுக்கிடுவா. உங்களுக்குப் பேசறது தொழில். நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க."

'சொல்லுங்க' என்று கூடத்தின் பின்பக்கத்திலிருந்து யாரோ கிழவன் கரகரவென்று சொன்னான். யார் அது என்று திரும்பிப் பார்த்தேன். என் ஸ்பீக்கர் பெட்டிதான். கோட்டுக்காரரின் காலர் மைக் என் வாய்க்கு நேரே இருந்தது. பாத்ரூம் போகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொன்னவன் நான்.

கூடத்தில் வாய்கள் நின்றிருந்தன. எல்லாக் கண்ணும் முதலில் என் மேல் இருந்தது, பிறகு பச்சைச் சட்டையின் மேல் போனது. என் மகள் அசையவில்லை. விரல் நெஞ்சிலேயே இருந்தது. ஓடிப்போய் வேனுக்குள் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

முதலில் சிரித்தது ரேடியோ. தன் கட்டைவிரலைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு என்று சொன்னாலும் அது பாதி வழியில் வேறு எதுவாகவோ மாறிப்போனது. பக்கத்தில் இருந்தவர்களும் அவரவர் விரலைப் பார்த்தார்கள். மேனேஜர் அம்மா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

கோட்டுக்காரர் மறுபடி மேடை ஏறி எதையாவது பேசுவார் என்று நினைத்தேன். அவருக்கு நல்ல விஷயம் கிடைத்திருக்கிறது, இதை வைத்து இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டலாம். அவர் மைக்கைக் கழற்றி, அணைத்து, என் கையில் கொடுத்தார். மேடை விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். மைக் இல்லாமல் அவர் குரல் சாதாரணக் குரல்தான்.

"நான் தயார் பண்ணிட்டு வந்தது இன்னும் பாதி இருக்கு, அது வேண்டாம்" என்றார். "விரலை எடுத்துட்டு யாராவது ஒருத்தர் சொல்லுங்க. நான் பதில் சொல்ல மாட்டேன். கேட்டுக்கறேன், அவ்வளவுதான்."

ரேடியோதான் ஆரம்பித்தாள். போனில் ஒருத்தர் திட்டினார், ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய்ப் பால் திரிந்துவிட்டதாம், பால் திரிந்ததற்கு என் அம்மாவை எதற்கு இழுக்க வேண்டும், என் அம்மா டீயே குடிக்க மாட்டாள் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தன், வீட்டில் கைக்குழந்தை அழுதால் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று சொல்லிவிடுகிறேன், பெண்டாட்டி என்னைப் பைத்தியம் என்கிறாள் என்றான். அதற்கும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஒரு பெண், திட்டுகிறவர்களைக் கூடத் தாங்கிக்கொள்கிறேன், ஒருத்தர் வைத்ததும் அடுத்தவர் வந்துவிடுகிறார், நடுவில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க நேரமில்லை என்றாள். பிறகு வரிசை இல்லாமல் இங்கொருத்தர் அங்கொருத்தர் பேசினார்கள். கோட்டுக்காரர் சொன்னபடியே பதில் சொல்லவில்லை. 'ம்' கூடப் போடவில்லை. பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பேச்சாளர் ஒருத்தர் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்து நான் பார்த்ததில்லை.

என் மகள் பேசவில்லை. விரலை எப்போது இறக்கினாள் என்றும் நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது நாற்காலி காலியாக இருந்தது.

கூட்டம் முடிந்து நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கோட்டுக்காரர் மேனேஜர் அம்மாவிடம் பேசியது காதில் விழுந்தது. அடுத்த மாசமும் வருவீர்களா என்று அந்த அம்மா கேட்டார். வருகிறேன், ஆனால் நான் பேசுவதால் மட்டும் இது தீராது, ஒரு மோசமான போன் கால் முடிந்தால் அடுத்ததை உடனே தள்ளாதீர்கள், எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்துவிட்டு வரவிடுங்கள், அந்தத் திரையையும் கொஞ்சம் விலக்குங்கள் என்றார். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார் அந்த அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, கேட்டுத்தான் தீர வேண்டும், என் விரலும் நெஞ்சுக்குப் போனதே என்றார்.

கேட்டார் போலிருக்கிறது. இப்போது அங்கே திரை விலகியிருக்கிறது, ஜன்னல் வரைக்கும் நடக்கவும் விடுகிறார்களாம். சிவப்புப் பலகை அப்படியேதான் இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கோட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டால் மைக் போடப் போவேன். மற்ற பேச்சாளர்களை நம்பச் சொல்லாதீர்கள்.

அன்றைக்கு வேனுக்கு வந்தால், முன் சீட்டில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் ஆபீஸ் வண்டியில் வருகிறவள். மச்சான் அவள் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பின்னால் போய்ப் பெட்டிகளுக்கு நடுவே ஏறிக்கொண்டான். ஏறுவதற்கு முன்னால் என் காதருகே வந்து, "அத்தான், நீங்க பேசறப்போ சத்தத்தைக் குறைக்கலாம்னு கை வச்சேன். குறைக்கத் தோணல. மன்னிச்சிருங்க" என்றான். கண் கலங்கியிருந்தது. நம்மைக் கேட்டும் ஒருத்தன் அழுகிறான்.

வண்டியை எடுத்தேன். சிக்னலில் நின்றபோது ஓரக்கண்ணால் அவள் கையைப் பார்த்தேன். கை மடியில் இருந்தது.

"ஆபீஸ் முழுக்க என் மானத்தை வாங்கிட்டியேப்பா" என்றாள்.

கேட்டது. முழுசாகக் கேட்டது.

"நாளைக்கு நான் எப்படிப் போய் உக்காருவேன்? பச்சைச் சட்டை, பச்சைச் சட்டைன்னு இப்பவே கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. அந்த ரேடியோ ஒருத்தி போதாதா? மைக் போடப் போனா மைக் போட்டுட்டு வரணும். ஊருக்கெல்லாம் புத்தி சொல்றே, உனக்கு மைக் ஆன்ல இருக்கறது தெரியாதா?"

"தெரியல" என்றேன்.

"என்ன தெரியல? உனக்கு எதுதான் தெரியுது? ரெண்டு மாசமா ஒரு வார்த்தை கேக்கல நீ. சாப்பிட்டியான்னு கூடக் கேக்கல. நான் வந்தா டிவியைப் பாக்கறே. காது கேக்கலன்னு டாக்டர்கிட்ட போனியாமே, மாமா சொன்னாரு. என்னைக் கேட்டிருக்கலாம்ல? டாக்டரைப் போய்க் கேக்கறே."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவனையும் ஒரு திட்டுத் திட்டிவிட்டு உள்ளே வந்தாள். இரண்டு கையும் காற்றில் இருந்தன.

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தப் பட்டனை அமுக்கிக்கொண்டு என்னதான் சொல்லுவாய் என்று கேட்டேன். அவள் கட்டைவிரலைப் பார்த்தேன். கேட்டுக் கெடுத்துவிட்டோமோ என்று பயந்துபோனேன்.

"முன்னாடி திட்டுவேன்" என்றாள். "அப்புறம் திட்டறதுக்கும் ஒண்ணும் வரல. சும்மா வாயை அசைப்பேன். வீட்டுலயும் அமுக்கறேன்னு எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமா தெரியாது. நான் பேசிட்டேன்னுதான் நெனச்சேன். எல்லாத்தையும் உங்கிட்ட சொல்லிட்டேன், நீதான் காதுல போட்டுக்கலன்னு நெனச்சேன்."

அவள் பேசியதாக நினைத்திருக்கிறாள், நான் காது போய்விட்டதாக நினைத்திருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு. இதற்கு என்ன சொல்லுவது? ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லத் தெரிந்திருந்தால் நானும் கோட்டு மாட்டிக்கொண்டு மேடை ஏறியிருப்பேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"லைன்லதான் இருக்கேன். சொல்லுங்க மேடம்."

திரும்பிப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவள் முகத்துக்கே தெரியவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். டிவி சத்தத்திலிருந்து ஆரம்பித்தாள். துண்டை நாற்காலியில் போடுவது, மாத்திரையைப் போட்டேன் என்று பொய் சொல்லுவது, டேங்க் தண்ணீருக்காகக் கத்தியது. அதிலிருந்து ஆபீஸுக்குப் போனாள், போனில் வந்த ஒவ்வொருத்தரையும் அவரவர் குரலிலேயே திட்டினாள், மறுபடி எனக்கே வந்தாள். அம்மா இருந்திருந்தால் என்று ஆரம்பித்து அதை முடிக்கவில்லை. மறுபடி துண்டுக்குப் போனாள். நான் சரியான இடத்தில் 'ம்' போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

எங்கள் தெரு வந்தது. வீடு வந்தது. அவள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தினால் இறங்க வேண்டும், இறங்கினால் பேச்சு நிற்கும்.

பின்னால் மச்சான் தகரத்தைத் தட்டினான். "அத்தான், வீடு தாண்டிப் போச்சு! அத்தான்!"

எனக்குத்தான் காது மந்தமாயிற்றே. அடுத்த தெருவுக்குள் திருப்பினேன்.